பத்து இடத்து மண்

ராஜபாளையத்தில் நான் எட்டு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் மெத்தைக் கடைக்காரர் குடும்பம். கடைவீதியில் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்து விற்றார் அவர். தெருவில் எல்லோரும் அவரைப் பாய் என்றார்கள். அவர் மனைவியைப் பாய் வீட்டம்மா என்றார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நான் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்ததால் அவருக்கு நான் டீச்சர். அந்த ஊரில் எனக்குச் சொந்தம் யாரும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவள், கல்யாணம் ஆகாதவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தால் அதற்கு மேல் போக இடம் கிடையாது. சாயங்காலம் அந்தச் சுவரோரம் நின்று அக்காவோடு பேசுவதுதான் எனக்கு இருந்த பொழுதுபோக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம். காலாண்டுத் தேர்வு நேரத்தில் பள்ளிக்கு அச்சடித்த நோட்டீஸ் ஒன்று வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விவசாயப் பல்கலைக்கழகத்துப் பண்ணையில் தேர்வு விடுமுறையில் இரண்டு நாள் கண்காட்சி. செடிகளும் விதைகளும் விற்பனைக்கு உண்டு. மாணவர்களை அழைத்து வரலாம். விடுமுறையில் மாணவர்களை எங்கே கூட்டிப்போவது? தலைமை ஆசிரியை அதை என்னிடம் கொடுத்து, "நீங்க ஒத்த ஆளுதான. போய்ப் பாத்து, ஸ்கூலுக்கு நாலு குரோட்டன்ஸ் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் சுவரோரம் அந்த நோட்டீஸை வாசித்துக் காட்டினேன். ரோஜாச் செடி, ஒட்டு மாங்கன்று, காளான் வளர்ப்பு என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஓர் இடத்தில் அக்கா என்னை நிறுத்தினார்.

"அத இன்னொரு தடவ வாசிங்க டீச்சர்."

"விவசாயிகள் மண் மாதிரி கொண்டு வந்தால் அன்றே பரிசோதித்து, ஏற்ற பயிர் பரிந்துரைக்கப்படும். நிலத்தில் பத்து இடங்களில், அரை அடி ஆழத்தில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோ கொண்டு வரவும்."

"பத்து இடம்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்று நாள் கழித்துக் காலையில் என் கதவைத் தட்டினார். கையில் மெத்தைத் துணியில் தைத்த சிறிய பை. கோடு போட்ட அந்தத் துணிப் பையின் வாயை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே மண்.

"நீங்க கண்காட்சிக்குப் போறப்ப நானும் வாரேன்."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் பிறந்த ஊர் மம்சாபுரம். அப்பாவை அத்தா என்பார்; அவர் இறந்தபோது நிலத்தைப் பங்கு பிரித்தார்கள். கிணற்றோடு சேர்ந்த நல்ல பகுதி அண்ணனுக்கு. மேற்குக் கடைசியில், யாரும் வெள்ளாமை வைக்காமல் கிடந்த ஒரு ஏக்கர் அக்காவுக்கு. கோடையில் அதன் மேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை பூத்துக் கிடக்குமாம். அண்ணன் அதையும் தனக்கே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "சும்மா கிடக்கிறத வச்சு என்ன செய்யப் போற, கொடுத்திரேன்" என்று பாயும் சொல்லிவிட்டார்.

"அவிய சொல்லுறதும் சரிதான். ஆனா அத்தா எனக்குன்னு குடுத்தது. அது என்ன மண்ணுன்னாவது தெரிஞ்சுக்கிட்டுக் குடுக்கலாம்ல."

அண்ணன் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மம்சாபுரம் போயிருக்கிறார். மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து ஒரு பழைய இரும்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு அந்த மேற்குக் காட்டு நிலத்துக்குப் போய், பத்து இடத்தில் தோண்டி எடுத்து வந்திருக்கிறார். அரை அடி என்பது எவ்வளவு என்று தெரியாததால் தன் கைச் சாணால் அளந்தாராம். ஒரு சாண் தாராளமாகவே இருக்கும் என்றேன். கரண்டி வளைந்துபோனதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

கண்காட்சியின் முதல் நாள் காலையிலேயே கிளம்பினோம். அக்கா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மண் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாயிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "டீச்சரம்மா செடி வாங்கப் போறாக, தொணைக்குப் போறேன்னு சொன்னேன். பொய் இல்லல்லா." இல்லைதான்.

பண்ணை வாசலில் வாழை மரம் கட்டி, உள்ளே நீளப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த விவசாயிகள் ஒரு டிராக்டரைச் சுற்றி நின்று, அதில் ஏறாமலே எல்லா இடத்தையும் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் விதவிதமான பருத்தி, காய் வெடித்தும் வெடிக்காமலும் இருந்தது. அக்கா அந்தப் பெட்டிகளின் முன்னால் வெகு நேரம் நின்றார். மெத்தைக் கடைக்காரர் வீட்டில் இருபது வருடம் வாழ்ந்தவர். இழையின் நீளத்தைக் கண்ணாலேயே பார்த்து, "இது நூலுக்குப் போகும், அது மெத்தைக்குத்தான் ஆகும்" என்று மெதுவாகச் சொன்னார். அங்கே விளக்கம் சொல்ல நின்ற மாணவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

மண் பரிசோதனை ஒரு வேனுக்குள் நடந்தது. வேனுக்கு வெளியே மேசை போட்டு ஓர் இளம் அதிகாரி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். வரிசையில் எங்களைத் தவிர எல்லோரும் ஆண்கள். எங்கள் முறை வந்ததும் அவர் என்னைப் பார்த்து, "சொல்லுங்க மேடம், நிலம் யாரோடது? அவர் வரலையா?" என்றார்.

நான் அக்காவைக் காட்டினேன்.

"உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா."

"நிலம் அவுக பேர்ல இல்ல சார். என் பேர்ல இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப உங்க பேரச் சொல்லுங்க" என்றார்.

அக்கா தன் பெயரைச் சொன்னார். ஒன்றரை வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், அவர் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை கேட்கத் தோன்றவே இல்லை என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. விவசாயியின் பெயர் என்று போட்டிருந்த இடத்தில் அதிகாரி அதை எழுதினார். சரியாக எழுதியிருக்கிறாரா என்று அக்கா குனிந்து, எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"மூணு மணிக்கு மேல வாங்க" என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

அதுவரை சுற்றினோம். காளான் கடையில் சின்னத் தட்டில் வறுவல் கொடுத்தார்கள். அக்கா ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "கறி மாதிரி இருக்கு, கறி இல்லேங்கீக" என்று தின்றார். பிறகு இன்னொன்றும் கேட்டு வாங்கினார். பள்ளிக்குக் குரோட்டன்ஸ் நான்கு எடுத்தேன். எனக்கென்று ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் ரோஜா ஒன்று வாங்கினேன். விதைப் பொட்டலங்கள் விற்ற இடத்தில் பெண்கள் கூட்டம். சுரை, பீர்க்கு, புடலை என்று சண்டை போடாத குறையாக அள்ளினார்கள். அக்கா எதையும் வாங்கவில்லை. எதைப் பார்த்தாலும் மணி என்ன என்று கேட்டார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த தேங்காய்ச் சோற்றைச் சாப்பிட்டோம். நான் சாப்பிட்ட அளவுக்கு அவர் சாப்பிடவில்லை.

மூன்று மணிக்கு அந்த அதிகாரி ஒரு தாளோடு வந்தார்.

"களர் நிலம்மா. உப்பு ஏறிக் கிடக்கு. நெல்லு, தென்னையெல்லாம் வச்சீங்கன்னா நட்டந்தான்."

அக்கா துப்பட்டியின் முனையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். நல்ல மண் என்று சொல்லிவிடுவார்கள் என்று மனதுக்குள் அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அப்ப ஒண்ணுக்கும் ஆகாதா சார்?"

"அப்படிச் சொல்லலையே. ஜிப்சம் போடணும், தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்குறதுக்கு முன்னால மடக்கி உழணும். மழைத் தண்ணிய வரப்புக் கட்டித் தேக்கி வடிச்சு விடணும். பெருநெல்லி தாங்கும். ஒட்டுக் கன்னு நம்ம நர்சரியிலேயே இருக்கு. மொத ஒண்ணு ரெண்டு வருசம் தண்ணி ஊத்திக் காப்பாத்திட்டீங்கன்னா பொறவு அது பாத்துக்கிடும்."

"நெல்லின்னா, ஊறுகா போடுற நெல்லியா?"

"அதேதான்."

வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்து செத்த நேரம் உட்கார்ந்தோம். அந்தத் தாளை என்னிடம் கொடுத்து முழுவதையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வரலாமா, நாளையும் கண்காட்சி இருக்கிறதே என்றேன்.

"வீட்டுக்குப் போனா வேண்டாம்னு தோணிரும் டீச்சர். அவிய ஒண்ணும் சொல்லலேன்னாலும் எனக்கே தோணிரும்."

எழுந்து நர்சரிப் பக்கம் நடந்தார். நான் குரோட்டன்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

நர்சரியில் காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரியவர் கன்று எடுத்துக் கொடுத்தார். அக்கா தலையணை உறை தைத்துச் சேர்த்துக் கையில் வைத்திருந்த காசுக்கு இருபத்தைந்து கன்று வந்தது. "ஒரே ரகமா வாங்காதீக தாயி. ரெண்டு ரகமும் கலந்து நடணும். தனியா வச்சா பூக்கும், காய் பிடிக்காது" என்று சொல்லி, இருபது ஒரு ரகமும் ஐந்து வேறு ரகமுமாகப் பிரித்து, அந்த ஐந்தின் பையில் மட்டும் சிவப்புக் கயிறு கட்டிக் கொடுத்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத கன்றுகள். இலை புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக இருந்தது.

எப்படிக் கொண்டுபோவது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பண்ணை ஆட்கள் தள்ளுவண்டியில் பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மம்சாபுரம் டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடியே, "இம்புட்டையும் ஏத்த முடியாதும்மா. கால் வைக்க எடம் வேணும்ல" என்றார்.

"கீழ வைக்கல தம்பி. மடியில வச்சுக்கிடுதோம்" என்றார் அக்கா.

"ரெண்டு பேர் மடியில இருபத்தஞ்சையுமா?"

முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா கையை நீட்டி, "எங்கிட்ட ரெண்டு குடு. மம்சாபுரந்தான போறோம்" என்றார். அவரைப் பார்த்து அடுத்தவர் ஒன்று வாங்கினார். பருத்திக்காட்டு வேலை முடிந்து திரும்பிய பெண்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மண் ஒட்டாதபடி துண்டை விரித்து அதன் மேல் வைத்துக்கொண்டார். குரோட்டன்ஸ் என் மடியில்; கடைசியில் என்னுடைய ரோஜா மட்டும் மிச்சம். கண்டக்டர் அதை வாங்கி டிரைவர் பக்கத்தில் வைத்தார். பஸ் கிளம்பியதும் ஆளாளுக்கு விசாரித்தார்கள். எங்கே வைக்கப் போறீக, தண்ணி இருக்கா, என்ன மண்ணு. அக்கா எல்லோருக்கும் பதில் சொன்னார். களர் நிலம் என்று சொல்ல அவர் கூச்சப்படவில்லை. வேட்டிக்காரர், "எங்க காடும் அப்படித்தான் கிடக்கு. வந்தாச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் வீட்டுக்குக் கன்றுகளைக் கொண்டுசேர்க்கும்போது மணி ஐந்தரை இருக்கும். கூட வந்த பெண்கள் வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், வெயிலில் கறுத்த முகம். தங்கையைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார், பிறகு யாரென்று தெரியாத என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"நெல்லி அண்ணே. மேக்காட்டுல வைக்க."

"மேக்காட்டுலயா? அதுல எருக்கலஞ்செடியே வரல."

அக்கா அந்தத் தாளை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. நான் அறிமுகம் சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டு டீச்சர் என்று சொல்லி, தாளில் இருப்பதை வாசித்தேன். ஜிப்சம், தக்கைப்பூண்டு, வடிகால் என்று ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மண்ணு எப்ப எடுத்த?"

"போன வாரம். நீங்கள்லாம் படுத்திருந்தப்ப."

"எங்கிட்டக் கேட்டா எடுத்துத் தர மாட்டேனா?"

அண்ணன் குரலில் கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கொஞ்சம் அடிபட்ட மாதிரித்தான் இருந்தது.

"எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொல்லலண்ணே" என்றார் அக்கா. "அஞ்சு வருசம் பாக்குதேன். வரலேன்னா நீயே எடுத்துக்க. எனக்குத் தண்ணி மட்டும் வேணும். வாரத்துக்கு ஒருக்க ஒங்க கிணத்துத் தண்ணி."

அண்ணன் வீட்டுக்குள் போய்விட்டார். மதினி வந்து எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். காப்பி குடித்து முடிக்கிற வரை அண்ணன் வெளியே வரவில்லை. கடைசி பஸ்ஸைப் பற்றி நான் கவலைப்பட ஆரம்பித்தேன். அப்போது அவர் இரண்டு சாக்கைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்தார். கன்றுகளைத் தூக்கிக் கொட்டகை நிழலில் ஒன்றை ஒன்று ஒட்டி வைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கைப் போட்டார்.

"மழை விழட்டும், குழி வெட்டுவோம். இப்ப வச்சா கருகிப்போகும்" என்றார். தண்ணீருக்கும் அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

ராஜபாளையம் திரும்பும்போது பாய் கடையை அடைத்துவிட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அக்கா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஒளிக்காமல். நான் என் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டே காதைக் கொடுத்திருந்தேன்.

"நெல்லி காய்க்க எத்தன வருசம் ஆகுமாம்?"

"நாலஞ்சு வருசம்ங்காக."

"அதுக்குள்ள நமக்கு வயசாயிரும்."

"வைக்காட்டியும் ஆகும்ல."

பாய் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஐப்பசி மழையில் நட்டார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மம்சாபுரம் போய் வருவார். சில சமயம் சர்ச் முடிந்து நானும் போனேன். முதல் கோடையில் ஒன்பது கன்று பட்டுப்போனது. அந்த ஒன்பதில் நான்கு சிவப்புக் கயிறு கட்டியவை. மிச்சம் இருந்த ஒன்று வடக்கு மூலையில் தன்னந்தனியாக நின்றது. அந்த வருடக் கண்காட்சிக்கு மறுபடியும் போய் அதே ரகத்தில் நான்கு வாங்கி வந்தோம். அதற்கடுத்த வருடம் எனக்குத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை. பாய் கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு மனைவியோடு போனார். போய், தேவையில்லாமல் ஒரு கொய்யாவும் இரண்டு மாதுளையும் வாங்கி வந்து, வீட்டுக் கொல்லையில் வைத்தார்.

என் ரோஜா ஒரே ஒரு தடவை பூத்தது. பிறகு தண்டு கறுத்துச் செத்துப்போனது. நான் மறுபடி வாங்கவில்லை.

நான்காம் வருடம் நெல்லி பூத்தது, காய் நிற்கவில்லை. அந்த வருடம் அக்கா எழுதிக் கொடுப்பதைப் பற்றி என்னிடம் இரண்டு தடவை பேசினார். இரண்டு தடவையும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஐந்தாம் வருடம் கார்த்திகையில் போனபோது கிளைகளில் சிறு கோலி அளவில் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தன. இலைக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் நான் சும்மா நின்றேன். அக்காதான் கிளையைத் தாழ்த்திக் காட்டினார். எண்ணவில்லை; எண்ணினால் கண்பட்டுவிடும் என்றார். தைக்கு மேல் ஒரு மூட்டை தேறியது. மதுரைக்கு லேகியக் கடைகளுக்கு வாங்கிப்போகும் வியாபாரி ஒருவர் வந்து எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவர் தானாகவே வந்தார்.

அந்த மரங்களைப் பார்த்துவிட்டு அண்ணன் தன் பங்கின் ஓரத்திலும் பத்துக் கன்று வைத்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"கண்காட்சியிலதான். தங்கச்சிதான் கூட்டிட்டுப் போனா. அங்க அவளத் தெரியாத ஆளே இல்ல" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குச் சாத்தூருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய அன்று பாயும் அக்காவும் லாரிக்காரனோடு நின்று கட்டில், பீரோ எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டினார்கள். பாய் எனக்கென்று இரண்டு தலையணை தைத்துக் கொண்டுவந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, போனதும் கடிதம் போடச் சொன்னார். அவர்கள் முகவரியை நான் ஒரு தாளில் எழுதினேன். மேல் வரியில் யார் பெயரைப் போடுவது என்று ஒரு கணம் தயங்கிவிட்டு அவர் பெயரையே எழுதினேன். வீட்டு எண்ணை அவரே சொன்னார்.

சாத்தூரிலிருந்து நான் எழுதிய கடிதங்களுக்கு அவர் கைப்பட எழுதிய பதில் வரும். எழுத்து பெரிது பெரிதாக, வரிக்கு நான்கு சொல் இருக்கும். மழை பெய்தது, காய் இந்த வருடம் குறைவு, அவிய நலம், நீங்கள் நலமா. அவ்வளவுதான் இருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.